மார்பு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

ஆனைமலையில் உலாந்தி வனச்சரகத்தில் வனவராக இருந்த காலத்தில் என் முதல் வேலை மரங்களை அளப்பது. தேக்குத் தோட்டங்களில் எந்த மரம் எவ்வளவு பருத்திருக்கிறது, எது தேறும், எது தேறாது, எதை எடுத்தால் பக்கத்து மரம் செழிக்கும் என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். வனத்துறை என்றதும் துப்பாக்கியும் ஜீப்பும் இரவு ரோந்தும்தான் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவு வரும். அதெல்லாமும் உண்டு. ஆனால் ஒரு மலைக்காட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்போடு வைத்துக்கொள்ள உதவுவது அளவு நாடாவும் நோட்டும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை தாண்டி மலையேறினால் டாப்சிலிப். சுற்றிலும் தேக்குத் தோட்டங்கள். அவற்றை ஒட்டி மூங்கிலும் வேங்கையும் வெண்தேக்கும் கலந்த இலையுதிர் காடு. கரியன் சோலைக்குள் போனால் உச்சி வெயிலும் தரையில் விழாத பசுமைமாறாக் காடு. எல்லை தாண்டினால் கேரளத்தின் பரம்பிக்குளம். மர வேலை, ஆராய்ச்சி, சுற்றுலா மூன்றையும் இந்த ஒரே மலை தாங்கியிருக்கிறது. மூன்று வேலைக்கும் வந்தவர்களோடு நான் நடந்திருக்கிறேன். அவரவருக்கு வேண்டியது வேறு வேறு. ஆனால் எல்லாரும் கடைசியில் கேட்டது, இந்தக் காடு முன்னே எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற ஒரே கேள்வியைத்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய் கப்பல் துறைக்குப் போனது. 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இந்தக் காட்டு வேலைக்குப் பொறுப்பாக வந்தார். பிறகு ரயில் வந்தது; தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை கேட்டது. வெட்டிய தடிகளை மேலிருந்து சரிவில் விட்டு அடிவாரத்தில் சேர்த்தார்கள். வெட்டும் வேகத்துக்குக் காடு முளைக்கவில்லை.

1915 வாக்கில் ஹியூகோ உட் என்ற வன அதிகாரி இங்கே வந்தார். எந்த இடத்தில், எந்த வருடம், எவ்வளவு வெட்டலாம் என்று வேலைத் திட்டம் வகுத்தார். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்க இடம் விட்டார். வெறுமையான இடங்களில் தேக்கு நட்டார். கைத்தடியால் மண்ணைக் குத்தி, சட்டைப் பையிலிருந்து விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். மலையில் எல்லாரும் சொல்லும் கதை இது. 1933இல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே டாப்சிலிப்பில் மவுண்ட் ஸ்டூவர்ட் பக்கம் தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். என் நினைவுச் சின்னத்தைத் தேடுபவர் சுற்றிலும் பார்த்தால் போதும் என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் இருக்கிறது. அங்கே வருபவர்கள் விதை போட்ட கதையைக் கேட்டு நெகிழ்ந்து போகிறார்கள். எனக்கு அந்த வேலைத் திட்டம்தான் பெரிது. விதை போடும் மனம் பலருக்கு உண்டு. தான் பார்க்கப்போகாத வருடங்களுக்கும் கணக்குப் போட்டு எழுதி வைக்கும் பொறுமை சிலருக்குத்தான் வாய்க்கும்.

மரத்தை எங்கே அளப்பது என்பதில்தான் வேலையே தொடங்குகிறது. தரையிலிருந்து 1.37 மீட்டர், பழைய கணக்கில் நாலரை அடி. நிற்கிற ஆளின் மார்புக்கு நேராக வரும். கேட்கச் சுலபம். மலையில் தரை எங்கே சமமாக இருக்கிறது? சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கம் நின்றுதான் உயரம் பார்க்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் பார்த்தால் அளக்கும் கோடு கீழே இறங்கி அதே மரம் பருத்துக் காட்டும். சாய்ந்த மரத்துக்குச் சாய்வை ஒட்டியே உயரம் பார்க்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழே கவைத்துப் பிரிந்தால் இரண்டு மரம்; மேலே பிரிந்தால் ஒன்று. கோடு வரும் இடத்தில் முடிச்சோ புடைப்போ இருந்தால், அதற்கு மேலேயும் கீழேயும் சம தூரத்தில் இரண்டு அளவு எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

நாடாவைச் சுற்றுவதற்கு முன் பாசி, கொடி, தானாக உதிரும் பட்டைச் செதில் எல்லாவற்றையும் உள்ளங்கையால் வழித்துவிடுவோம். கத்தி படக் கூடாது. பட்டைக்கு உள்ளேதான் மரம் உயிரோடு இருக்கிறது. நாடா மரத்துக்குக் குறுக்காக, தொய்யாமல் சுற்றி வர வேண்டும். பின்பக்கம் நாலு விரல் இறங்கினாலும் சுற்றளவு கூடிவிடும். ஐந்து வருடத்தில் வளராத மரம் வளர்ந்ததாகக் கணக்கில் ஏறும். அதனால் பெரிய மரத்துக்கு இரண்டு பேர் வேண்டும், எழுத ஒருவர் வேண்டும். சுற்றுபவர் எண்ணையும் அளவையும் சொல்வார். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். நாள் முழுக்கத் தோட்டத்தில் இந்த எண்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கும். மத்தியானத்துக்கு மேல் குரல் தளர்ந்து, எழுபத்தாறும் எண்பத்தாறும் காதில் ஒன்றாகத் தோன்றத் தொடங்கும். திருப்பிச் சொல்வது அந்த நேரத்துக்காகத்தான்.

அளப்பது தை, மாசியில். தேக்கு இலை உதிர்ந்து வெளிச்சம் இருக்கும், அட்டை இருக்காது, உச்சி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. மழைக்காலத்தில் மரம் தண்ணீர் குடித்துச் சற்று உப்பியிருக்கும், கோடையில் வற்றியிருக்கும். ஒரு தடவை ஆடியிலும் மறு தடவை மாசியிலும் அளந்தால் மரத்தின் வளர்ச்சியோடு பருவமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

இப்படித் தொடர்ந்து அளப்பதற்கென்றே ஒதுக்கிய இடத்தைச் சாம்பிள் பிளாட் என்போம். நான்கு மூலையிலும் கல் நட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, 1.37 மீட்டரில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருப்போம். சில வருடத்துக்கு ஒரு முறை அதே மரத்தை, அதே கோட்டில், அதே பருவத்தில் அளக்க வேண்டும். டேராடூனில் 1906இல் வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பிறகு நாடு முழுக்க இப்படிப் பிளாட்டுகள் அமைத்தார்கள். அவற்றில் சேர்ந்த அளவுகளைக் கொண்டுதான் 1940இல் லாரியும் பக்ஷி சந்த் ராமும் இந்தியா, பர்மா தேக்குத் தோட்டங்களுக்கு விளைச்சல் அட்டவணை வெளியிட்டார்கள். இந்தத் தரத்து மண்ணில், இந்த வயதில், ஒரு தேக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு பருமன் இருக்கும் என்று அதில் பார்க்கலாம். பேர் தெரியாத எத்தனையோ காவலர்களும் வாட்சர்களும் மலைச்சரிவில் நின்று சொன்ன எண்கள் அந்த அட்டவணைக்குள் இருக்கின்றன.

மரம் எண்ணைத் தாங்கி நிற்பதும் எளிதில்லை. கோடையில் யானைகள் தேக்குப் பட்டையை உரித்துத் தின்னும். தந்தத்தால் குத்தி நெம்பி, துதிக்கையால் பிடித்து இழுத்தால் பட்டை ஆள் உயரத்துக்கு நாராகக் கிழிந்து வரும். எண்ணும் கோடும் அதோடு போய்விடும். அதற்காகத்தான் ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஒரு வரைபடம் வைத்திருப்போம். மூலைக் கல்லிலிருந்து இத்தனை மீட்டர், பக்கத்து மரத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று பிடித்தால் எண் இழந்த மரம் இன்னதென்று தெரிந்துவிடும். குறிப்புக் கட்டத்தில் "யானை உரித்தது" என்று எழுதி, வெறும் மரத்தின் மேல் எழுதாமல் மீதிப் பட்டையில் புது எண் போடுவோம். காட்டில் இறந்த மரத்துக்கும் பதிவேட்டில் இடம் உண்டு. எந்த வருடம், எதனால் போனது என்பதுதான் பின்னால் வருபவருக்கு வேண்டிய செய்தி.

அளவு எடுத்த பிறகுதான் தின்னிங், அதாவது நெருக்கம் குறைக்கும் வேலை. தேக்கை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்று. எல்லாமே பெரிதாக இடம் கிடையாது. நிலம்பூர்ப் பக்கத்து முறைப்படி 4, 8, 12, 18, 26, 35, 44 வயதுகளில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். முதல் இரண்டு தடவை வரிசைக் கணக்கு. ஒன்று விட்டு ஒன்று எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று அண்ணாந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். எது மேலே தலைநீட்டி நிற்கிறது, எது அமுங்கிக் கிடக்கிறது, எது கோணல், எதன் உச்சி பக்கத்து உச்சியோடு உரசுகிறது என்று பார்க்க வேண்டும். ரேஞ்சர் ஒருவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்: வெட்டப்போகும் மரத்தைத் தேடாதே, நிற்கப்போகும் மரத்தைத் தேடு, அதற்கு இடைஞ்சல் எதுவோ அதற்குச் சுத்தியல் போடு. சுத்தியல் என்றால் துறையின் முத்திரை பதித்த சுத்தியல். பட்டையைக் கொஞ்சம் செதுக்கி அதில் ஓங்கி ஓர் அடி. அந்த முத்திரை இல்லாத மரத்தில் கோடாரி படக் கூடாது.

இப்படி முத்திரை போடும் மார்க்கிங்குக்குப் போகும்போது எங்களோடு மலசர் இனத்துப் பெரியவர் ஒருவர் வாட்சராக வருவார். இந்த மலையில் காடர், மலசர், மலமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இங்கே எந்த வேலையும் நடந்ததில்லை. ஒருநாள் கோணலாக, உச்சி முறிந்து, விலைக்கு ஆகாத ஒரு மரத்தடியில் நின்றோம். முத்திரை போட வேண்டிய மரம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இதுக்கு வேண்டாமுங்க சார்" என்றார் பெரியவர்.

"ஏங்க பெரியவரே, இது தேறாதே?"

"மேல பொந்து இருக்குது பாருங்க. பறக்கும் அணில் குடியிருக்குது. பட்டையில நகம் பட்டிருக்குது, வேர்ல புழுக்கை கெடக்குது. இன்னைக்கு நேத்து வந்ததில்லீங்க."

குனிந்து பார்த்தேன். சருகுக்கு மேல் உலர்ந்த புழுக்கை. பட்டையில் மேலே ஏறும் வழி மட்டும் வழவழப்பாக, நகக் கீறலோடு தெரிந்தது. அந்த மரத்தை விட்டோம். அன்று தொடங்கி, பொந்து இருந்தால் பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதும் வழக்கம் எங்கள் குழுவில் வந்தது. பிற்பாடு பறக்கும் அணிலைப் பற்றிப் படிக்க வந்த மாணவர்களுக்கு நாங்கள் முதலில் எடுத்துக் கொடுத்தது அந்தக் குறிப்புகளைத்தான். மரத்துக்காக எழுதியது அணிலுக்கு உதவியது.

வெட்டிய தடியை வெளியே கொண்டுவர யானைகள் இருந்தன. கோழிகமுத்தி முகாமிலும் வரகளியாறு முகாமிலும் வளர்ந்த யானைகள் அவை. டிராக்டர் ஏறினால் மண் இறுகும். நிற்கும் மரங்களின் வேர் நசுங்கும். யானை ஒவ்வொரு தடியாக, நிற்கும் மரத்தில் மோதாமல் வளைத்து இழுத்து வரும். மாவுத்தர் மேலே, அவருக்கு உதவும் காவடி கீழே. தடி ஒரு வேரில் சிக்கினால் சொல்லுக்குக் காத்திருக்காமல் யானை தானே பின்வாங்கிக் காலால் புரட்டி விடும். தின்னிங் முடிந்த தோட்டத்தில் மறு வருடம் போய்ப் பார்த்தால் இழுத்த தடம் புல் மூடி மறைந்திருக்கும்.

டெப்போவில் தடியை அளக்கும் கணக்கு வேறு. தடியின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 1.6 மீட்டர் சுற்றளவும் 5 மீட்டர் நீளமும் உள்ள தடி, இந்தக் கணக்கில் 0.8 கன மீட்டர். உருளையாகக் கணக்கிட்டால் 1.02 வரும். உருண்டைத் தடியைச் சதுரமாக அறுக்கும்போது கழிவு போகும் என்று நூற்றுக்கு இருபத்தொன்றரைப் பங்கை இந்தக் கணக்கே கழித்துவிடுகிறது. மர வியாபாரிக்கு இது தெரியும். காடு இழந்த மரம் எவ்வளவு என்று எழுத வேண்டிய எங்களுக்கு இரண்டு எண்ணுமே தெரிந்திருக்க வேண்டும். விற்ற அளவு ஒன்று, காட்டிலிருந்து போன அளவு வேறு.

1976இல் ஆனைமலை சரணாலயம் ஆனது. மர வேலை படிப்படியாகக் குறைந்தது. தேக்குத் தோட்டத்துக்குள் வேறு வகை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சோலைமந்தியைப் பார்க்க, இருவாச்சியின் கூட்டைக் கண்காணிக்க, எறும்பை எண்ண, மண்ணை அள்ள வந்தார்கள். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி வேலை பார்த்த மலை இது. இறந்த யானையை அறுத்துப் பார்த்துக் காரணத்தை எழுதி வைப்பதில் அவர் முன்னோடி. நாங்கள் மரத்துக்குச் செய்ததை அவர் யானைக்குச் செய்தார்.

அந்த ஆய்வாளர்களிடம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். தேக்கு இலை பெரிது; மழைத்துளிகள் அதில் ஒன்றுசேர்ந்து பெருந்துளியாகி உயரத்திலிருந்து விழும். கீழே புல்லும் செடியும் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். தீ வைத்து எரிந்த தரை என்றால் ஒவ்வொரு துளியும் மண்ணைத் தெறிக்க வைக்கும். வேர் வெளியே தெரிந்துவிடும். மாசியில் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது அதை மரத்தைக் காக்கும் வேலை என்றே எண்ணியிருந்தேன். மண்ணைக் காக்கும் வேலையும் அதுதான். அதேபோல் தின்னிங் செய்த இடத்தில் வெளிச்சம் இறங்கிப் புல் வரும். புல்லுக்குக் காட்டுமாடும் புள்ளிமானும் வரும். காவல் இல்லாவிட்டால் உண்ணிச்செடியும் புகுந்து மூடிவிடும். எந்த இடத்தில் எது வந்தது என்று சொல்ல, அந்த இடத்தில் எந்த வருடம் எத்தனை மரம் எடுத்தோம் என்பது தெரிய வேண்டும். பழைய தின்னிங் பதிவேடு இல்லாமல் அந்த ஆராய்ச்சிக்குக் கால் ஊன்ற இடமில்லை.

சுற்றுலாப் பயணிகளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வது எங்கள் துறையில் வழக்கம். குப்பை, சத்தம், குரங்குக்குத் தீனி போடுவது எல்லாம் உண்மைதான். பாதையை விட்டு இறங்கி நடந்தால் மண் இறுகி, மழைத் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடி வாய்க்காலாகிவிடும். ஆனாலும் அவர்கள் வர வேண்டும் என்றே சொல்வேன். இது மக்கள் பணத்தில் நிற்கும் மக்கள் காடு. வருபவர்கள் புலி எங்கே, யானை எங்கே என்றுதான் கேட்பார்கள். சாம்பிள் பிளாட் வழியாகக் கூட்டிப்போகும்போது நாடாவைக் குழந்தைகள் கையில் கொடுப்பேன். மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றி, எண்ணைச் சத்தமாகப் படிப்பார்கள். போன தடவை அளந்தது இவ்வளவு என்று பதிவேட்டைக் காட்டினால், மரம் கண்ணெதிரே வளர்ந்துவிட்டது போல் அவர்கள் முகம் மாறும். அதன் பிறகு புலி வரவில்லை என்ற ஏமாற்றம் இருக்காது. பெற்றோர்களும் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் காய்ந்த மரம், விழுந்த மரம், புல்கூட எடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமும் ஆனது. மர வேலையில் பழகிய கண்ணுக்கு, காற்றில் விழுந்த முதிர்ந்த தேக்கு கிடந்த இடத்திலேயே மக்குவதைப் பார்ப்பது வலியாக இருக்கும். பிறகு அதே தடியில் வண்டு துளைத்து, வண்டைத் தேடி மரங்கொத்தி வந்து, காளான் பூத்து, ஈரத்தில் கன்று முளைப்பதையும் பார்த்தேன். இந்த மலை தந்த மரம் போதும். இனி அது தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும் என்று மனதார ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. வெட்டுவது நின்றதும் அளப்பதற்கும் அவசியம் இல்லை என்ற எண்ணம் மெல்லப் புகுந்துவிடுகிறது. வியாபாரத்துக்காக அளந்தது, வியாபாரம் போய்விட்டது, பிறகு எதற்கு என்று கேட்கிறார்கள். இப்போதுதான் அது அதிகம் வேண்டும். மனிதன் நட்ட தேக்குத் தோட்டம், மனிதன் கை வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? நெருக்கத்தில் எந்த மரம் சாகும், அந்த இடைவெளியில் வேங்கையும் மருதும் தானாக வருமா, உண்ணிச்செடி வழி விடுமா? ஊகத்தில் சொல்லலாம். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதே கோட்டில் மறுபடி நாடா சுற்ற வேண்டும். முதுமலையில் 1988இல் ஆய்வாளர் ராமன் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேர் பரப்பில், ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். யானையும் தீயும் எந்தெந்த மரத்தை எப்படிக் குறைக்கின்றன என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. ஒரே ஒரு தடவை எடுத்த கணக்கு அதைச் சொல்லியிருக்காது.

இன்று இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாற்றலாகிப் போகும்போது சாவியோடு சேர்த்துப் பிளாட் பதிவேட்டையும் வரைபடத்தையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பழைய நோட்டுகளைக் கரையான் தின்பதற்குள் படம் எடுத்து இன்னோர் இடத்திலும் வையுங்கள். பெயின்ட் மங்குவதற்கு முன் கோட்டைப் புதுப்பியுங்கள். மங்கிய பிறகு போட்டால் அது வேறு கோடு. மாணவர்கள் வந்தால் பதிவேட்டை ஒளிக்காதீர்கள். குடும்பத்தோடு வருபவர்கள் கையில் நாடாவைக் கொடுங்கள். செலவென்று பார்த்தால் சில டப்பா பெயின்டும் நாலு பேரின் சில நாள் கூலியும்தான். அடுத்த தை பிறக்கும்போது அந்த வேலைக்கு ஆள் போக வேண்டும்.